ஐம்பது சதவீத நிழல்

கோத்தகிரியில் நிழல் கேட்டுக் கடையேறியவள்
அநேகமாக நான் ஒருத்திதான்.
போஜன் கடைப் பையன்கள் சிரித்தார்கள்.
"ஊரே வெயில் தேடி ரோட்டோரம் நிக்குது,
உங்களுக்கு எதுக்கு சிஸ்டர் நிழலு?"

மாதத்தில் இருபது ராத்திரி
பிரசவ வார்டு டியூப்லைட்டின் கீழே நிற்பவள் நான்.
எட்டு மணிக்கு வீடு வந்து
இட்லியை நின்றபடி விழுங்கி
கண்ணை மூடும்போதுதான் மற்றவர்கள்
குக்கரை அடுப்பில் ஏற்றுகிறார்கள்.
உள்ளே படுத்தால் சுவரில் ஈரம், கம்பளியில் ஈரம்.
பத்து மணிக்குத் தகரக் கூரை சூடேறி
நெட்டி முறிக்கத் தொடங்கும்.
ஆகவே வெளியே.
சில்வர் ஓக்குக்கும்
தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் காலுக்கும் நடுவில்
நைலான் வலை ஊஞ்சல்.
முன்னூற்று எண்பது, பேரம் பேசி.

"இந்த வயசுல தொட்டிலா" என்றவர்களை விட்டுவிடலாம்.
வெயிலை விட முடியவில்லை.
காற்று ஐஸ், வெயில் ஊசி.
இந்த உயரத்தில் அது சுடுவதே தெரியாது,
சாயங்காலம் கண்ணாடி பார்த்தால்
மூக்கில் தோல் உரிந்திருக்கும்.

போஜன் நிழலைச் சதவீதத்தில் விற்கிறார்:
ஐம்பது, எழுபத்தைந்து, தொண்ணூறு.
தொண்ணூறுக்கு என்னிடம் காசில்லை.
கட்டபெட்டுப் பக்கம் மூடிப்போன பூப்பண்ணையில்
கழற்றிய பழைய பச்சை வலை மூலையில் கிடந்தது.
எடை போட்டு நூற்றைம்பது.
பாதி நிழல்.
என் பாதித் தூக்கத்துக்குப் போதும் என்று நினைத்தேன்.

ஓட்டைகளைத் தூண்டில் நரம்பால் தைத்தேன்,
டாக்டர்கள் தைப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை.
நாலு மூலையிலும் கம்பி.
ஊஞ்சலுக்கு நேர் மேலே, எட்டடி உயரத்தில்
விறைப்பாகக் கட்டி முடித்துப் படுத்தால்
முகத்தில் அதே வெயில்.

வலை என் தலைக்கு மேல்.
அதன் நிழல் வேலிக்கு அந்தப் பக்கம்,
ஜெசிந்தாவின் கொடிக் கயிற்றில்.

ஜெசிந்தா ஆறு காட்டேஜ்களுக்கு
படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுப்பவள்.
விரிப்புக்குப் பதினைந்து ரூபாய்.
ஒன்பதுக்கு வரும் வெயில், ஒரு மணிக்கு வந்துவிடும் மஞ்சு,
நடுவில் இருக்கும் நாலு மணி நேரம்தான்
அவளுடைய கடை, முதல், லாபம்.
சண்டைக்கு வரவில்லை அவள்.
தூங்கிக்கொண்டிருந்த என் கன்னத்தில்
ஒரு விரிப்பின் ஓரத்தை வைத்தாள்.
"தொட்டுப் பாருங்க சிஸ்டர். இன்னும் சொட்டுது."

நூற்றைம்பது ரூபாய் கொடுத்து
நான் வாங்கியிருந்தது
அவளுடைய பதினோரு மணியை.

அன்றே அவிழ்த்தேன். தூக்கம் போன எரிச்சலில்
கொஞ்சம் முணுமுணுத்தும் இருப்பேன்.
வாயில் இரண்டு கிளிப்போடு அவள்
என் ஊஞ்சலைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள்,
மறுபடி ஊஞ்சலை.
மறுநாள் காலையில் நான் வந்தபோது
கிழக்குப் பக்கம் இழுத்துக் கட்டிய புதுக் கம்பியில்
நாலு டபுள் விரிப்புகள்,
திரைபோலத் தொங்கி
தங்கள் நிழலை அப்படியே சாய்த்து
என் ஊஞ்சலில் கிடத்தியிருந்தன.

எத்தனை சதவீதம் என்று போஜனுக்குத்தான் தெரியும்.
சோப்பு வாசனை உண்டு.
காற்றடித்தால் நெற்றியில் ஒரு துளி.
ஒன்றில் போகாத மருதாணிக் கறை, ஐந்து விரலும் தெளிவாக.
யாரோ புதுசாகக் கல்யாணம் ஆனவர்களின்
நிழலில் தூங்குகிறேன்.

சீசனில் கார்கள் அடைத்து
பஸ் கிடைக்காமல் நடந்து வந்த நாட்களில்
வாய் கூசாமல் திட்டியிருக்கிறேன் டூரிஸ்டுகளை.
இப்போது ஆளில்லாத புதன்கிழமைகளில்
வெறுங்கம்பியைப் பார்த்தபடி
மூக்கில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு
வாருங்களப்பா என்கிறேன்.

பச்சை வலை அவள் கோழிகளுக்குப் போனது.
அவற்றுக்குப் பாதி போதும்.

பன்னிரண்டுக்கு மேல் ஒவ்வொன்றாக உருவி மடிப்பாள்.
மூன்றை மட்டும்.
என் முகத்துக்கு நேரே தொங்கும் நாலாவது
மஞ்சு இறங்கும்வரை அங்கேயே கிடக்கும்.
கேட்டால், "ஓரத்துல ஈரம் இருக்கு" என்பாள்.
நேற்று எழுந்து தொட்டுப் பார்த்தேன்.

அப்பளம் மாதிரிக் காய்ந்திருந்தது.